பதினைந்தா, ஒன்பதா?



போன இதழில் பத்தாம் வகுப்புத் தம்பிகள் "சச்சினா? கோலியா?" என்று எழுதி ஒட்டியதைப் படித்திருப்பீர்கள். ஒரு வாரத்துக்கு இந்தச் சுவர்ப் பக்கம் கூட்டம் குறையவே இல்லை. எங்கள் வீட்டில் கிரிக்கெட் சண்டை கிடையாது. அப்பா டூவீலர் மெக்கானிக். அதனால் எங்களுக்குள் நடப்பதெல்லாம் பைக் சண்டைதான். உலகத்திலேயே பெரிய மோட்டார் சைக்கிள் ரேஸ் வீரர் யார்? இந்த ஒரு கேள்விக்கு எங்கள் கடையில் மூன்று கட்சி. பஞ்சாயத்து பண்ணுவது நான். (பொம்பளைப் பிள்ளைக்கு ரேஸைப் பற்றி என்ன தெரியும் என்று நினைப்பவர்கள், கார்ப்பரேட்டரைக் கழற்றி மாட்டத் தெரிந்தால் மட்டும் என்னிடம் பேச வரவும்!)

முதலில் கட்சிக்காரர்களை அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

முதல் கட்சி எஸ்டி தாத்தா. சொந்தத் தாத்தா இல்லை, கடைக்கு வருகிறவர். பழைய எஸ்டி வண்டி வைத்திருக்கிறார். சர்வீஸுக்கு என்று வருவார், வண்டி ரெடியான பிறகும் போகமாட்டார். வாலிப வயதில் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸ்களை விடாமல் பார்த்தவர். அவருடைய ஆள் இத்தாலிக்காரர் ஜியாகோமோ அகோஸ்டினி. இரண்டாவது கட்சி அப்பா. ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிறவர் யமஹா கட்சியாகத்தானே இருப்பார்? டூல் பாக்ஸ் மேல் 46 என்று மஞ்சள் ஸ்டிக்கர். வாலண்டினோ ரோஸி. மூன்றாவது கட்சி என் அண்ணன். அவனுக்கு 93-ஆம் நம்பர், ஸ்பெயின்காரர் மார்க் மார்க்கேஸ்.

அண்ணனைப் பற்றி இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் மழையில் வண்டி சறுக்கி விழுந்து வலது முன்கை எலும்பு உடைந்துவிட்டது. உள்ளே ஸ்டீல் பிளேட், ஆறு ஸ்குரு. மூன்று மாதம் கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இனி கணக்குக்கு வருவோம்.

மோட்டார் சைக்கிள் உலக சாம்பியன்ஷிப் 1949-ல் ஆரம்பித்தது. அகோஸ்டினி ஜெயித்த பட்டம் 15, ரேஸ் 122. இரண்டிலும் அவர்தான் முதல். ரோஸி 9 பட்டம், 115 ரேஸ். மார்க்கேஸ் 2025 முடியும்வரை 9 பட்டம், 99 ரேஸ். நடுவில் ஸ்பெயினின் ஆங்கெல் நியேட்டோ என்று ஒருவர் 13 பட்டத்தோடு இருக்கிறார். 13 ராசியில்லாத நம்பர் என்று அவர் அதை "12 + 1" என்றுதான் சொல்வாராம். அவர் ஜெயித்ததெல்லாம் 50 சிசி, 125 சிசி என்ற சின்ன வண்டிகளில். அதற்காக அவரை லேசாக நினைக்கக்கூடாது, ஆனால் எங்கள் கடையில் அவருக்குக் கட்சி இல்லை, விட்டுவிடுவோம்.

"பதினைந்து எங்கே, ஒன்பது எங்கே? பேச்சு முடிஞ்சுது" என்பார் தாத்தா.

அண்ணன் விடமாட்டான். "தாத்தா, உங்க ஆளு ஒரே நாள்ல ரெண்டு ரேஸ் ஓட்டினவரு. 350-ல ஒரு பட்டம், 500-ல ஒரு பட்டம்னு வருஷத்துக்கு ரெண்டு ரெண்டா சேர்த்தாரு. இப்ப யாரையாவது அப்படி ஓட்ட விடுறாங்களா?"

அவன் சொல்வது சரிதான். அந்தக் காலத்தில் ஒரே ஆள் பல வகுப்புகளில் ஓட்டலாம். அகோஸ்டினியின் 15-ல் 7 பட்டம் 350 சிசியில் வந்தது. பெரிய வகுப்பை மட்டும் தனியாக எடுத்தால் அகோஸ்டினி 8, ரோஸி 7, மார்க்கேஸ் 7. பெரிய வகுப்பு என்பது 2001 வரை 500 சிசி, 2002 முதல் மோட்டோஜிபி. பார்த்தீர்களா, பதினைந்துக்கும் ஒன்பதுக்கும் இருந்த பள்ளம் எட்டுக்கும் ஏழுக்குமாகச் சுருங்கிவிட்டது! பெரிய வகுப்பில் ஜெயித்த ரேஸ்களை மட்டும் எண்ணினால் ரோஸி 89, மார்க்கேஸ் 73, அகோஸ்டினி 68. வரிசையே மாறிப்போகிறது. அன்றைக்கு அப்பா எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1967-ல் 500 சிசிக்கு வருடம் முழுவதும் 10 ரேஸ்தான். 2025-ல் 22 ஊர்களில் போட்டி, ஒவ்வொரு ஊரிலும் சனிக்கிழமை ஒரு சின்ன ரேஸ், ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய ரேஸ். 10 ரேஸ் நடக்கிற காலத்தில் 89 ஜெயிக்க எத்தனை வருடம் வேண்டும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

அந்த 1967-ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. நான் படித்ததிலேயே எனக்குப் பிடித்த கணக்கு அது. அந்த வருடம் எம்வி அகுஸ்டாவில் அகோஸ்டினி, ஹோண்டாவில் இங்கிலாந்தின் மைக் ஹெய்ல்வுட். முதலிடத்துக்கு 8 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 6. பத்து ரேஸில் சிறந்த ஆறு முடிவுகளை மட்டும்தான் எண்ணுவார்கள். இரண்டு பேருமே ஐந்து ரேஸ் ஜெயித்தார்கள், அது 40. ஆறாவதாக ஆளுக்கு ஒரு இரண்டாமிடம், அது 6. ஆக 46-க்கு 46! வெற்றியும் சமம், புள்ளியும் சமம். பிறகு எத்தனை முறை இரண்டாவது வந்தார்கள் என்று பார்த்தார்கள். அகோஸ்டினி மூன்று முறை, ஹெய்ல்வுட் இரண்டு முறை. பட்டம் அகோஸ்டினிக்குப் போனது. எண்ணிக்கையில் ஒன்று, ஆனால் அந்த ஒன்றுக்கு எவ்வளவு பாடு!

அடுத்த வருடமே கதை தலைகீழ். ஹோண்டா கம்பெனி 1967 முடிவோடு போட்டியை விட்டு விலகிக்கொண்டது. ஹெய்ல்வுட்டுக்கு வண்டி இல்லை. 1968-ல் அகோஸ்டினி 500 சிசியில் பத்துக்குப் பத்து, 350-ல் ஏழுக்கு ஏழு. எதிரில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சொந்தக் காசில் ஒற்றை சிலிண்டர் நார்ட்டனும் மேட்ச்லெஸும் ஓட்டியவர்கள். பள்ளிக்கூட ஆண்டு விழா ஓட்டப்பந்தயத்தில் மாநில அளவில் ஓடுகிற அக்கா ஒருத்தி வந்து கலந்துகொண்ட மாதிரி! அந்தப் பட்டமும் எண்ணிக்கையில் ஒன்றுதான். 1967-ம் ஒன்று, 1968-ம் ஒன்று. அப்படியென்றால் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதை நான் சொன்னதும் தாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. எஸ்டியை உதைத்து ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வந்து, "பாப்பா, நீ கணக்கு மட்டும் பார்க்கிற. அவன் எதுல ஓட்டினான்னு பார்த்தியா?" என்று கேட்டார்.

பார்த்தேன். பார்த்த பிறகு ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை.

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் ஐல் ஆஃப் மேன் என்று ஒரு தீவு. அங்கே நடக்கும் ரேஸுக்கு டிடி என்று பெயர். தனியாக ரேஸ் டிராக் எல்லாம் இல்லை. ஊருக்குள் போகிற சாதாரண ரோடுதான். ஒரு சுற்று 60 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் கல் சுவர், வீட்டு வாசல், விளக்குக் கம்பம், அப்புறம் ஒரு மலை. மலையில் திடீர் திடீரென்று மூடுபனி. பெரிய ரேஸ் ஆறு சுற்று, கிட்டத்தட்ட 360 கிலோமீட்டர். இன்றைய மோட்டோஜிபி ரேஸ் ஒன்று முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அன்றைய டிடியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்தச் சுவர்களுக்கு நடுவில் ஓட்ட வேண்டியிருந்தது. 1967-ல் ஹெய்ல்வுட்டும் அகோஸ்டினியும் அங்கே மோதிய ரேஸை இன்றைக்கும் பெரியவர்கள் பேசுகிறார்கள். அகோஸ்டினி வண்டியின் செயின் அறுந்ததால் ஹெய்ல்வுட் ஜெயித்தார். அன்று அவர் ஒரு சுற்றை மணிக்கு 175 கிலோமீட்டர் சராசரியில் ஓட்டியது எட்டு வருடத்துக்கு யாரும் உடைக்காத சாதனை. (2023-ல் பீட்டர் ஹிக்மன் அதே ரோட்டில் 219 கிலோமீட்டர் சராசரியில் ஓட்டினார். அதை வீடியோவில் பார்த்தால் கை வேர்க்கும்.)

அந்த ரோட்டில் இத்தனை வருடங்களில் இறந்தவர்கள் 250 பேருக்கும் மேல்.

இந்த டிடி 1976 வரை உலக சாம்பியன்ஷிப்பில் சேர்ந்தது. பட்டம் வேண்டுமா, அங்கே போய் ஓட்டு. அவ்வளவுதான். 1972-ல் மழையில் நடந்த 125 சிசி ரேஸில் கில்பர்ட்டோ பார்லொட்டி என்ற இத்தாலிக்காரர் விழுந்து இறந்தார். அந்த வருடம் 125 பட்டத்துக்கான புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தவர் அவர். அகோஸ்டினியின் நண்பர். அகோஸ்டினி அந்த வருடத்தின் பெரிய ரேஸையும் ஜெயித்துவிட்டு, இனி இந்தத் தீவில் ஓட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அங்கே பத்து முறை ஜெயித்த ஆள் சொல்கிறார்! தோற்றவர் சொன்னால் பயந்தாங்கொள்ளி என்பார்கள். ஜெயித்தவரே சொன்னதால் மற்றவர்களும் வர மறுத்தார்கள். 1977 முதல் டிடி உலக சாம்பியன்ஷிப்பில் கிடையாது.

1973 மே மாதம் இத்தாலியின் மொன்சாவில் ஒரே விபத்தில் இரண்டு பேர் போனார்கள். ரென்சோ பசோலினி, பின்லாந்தின் யார்னோ சாரினென். சாரினென் அந்த வருடம் 500 சிசியில் முன்னணியில் இருந்தவர். வளைவில் உடம்பை வண்டிக்கு வெளியே தொங்கவிட்டு ஓட்டுவதை முதலில் செய்தவர்களில் ஒருவர். இன்றைக்கு எல்லாரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். அவர் இருந்திருந்தால் யாருடைய கணக்கில் எத்தனை குறைந்திருக்கும்? பட்டப் பட்டியலில் இதற்கெல்லாம் இடம் கிடையாது.

"பதினைஞ்சு ஜெயிச்சது பெருசில்ல பாப்பா. ஜெயிச்சுட்டு, 1977-ல தானா நடந்து வெளியே போனான் பாரு, அது பெருசு" என்றார் தாத்தா. அன்றைக்கு அண்ணன்கூட எதிர்த்துப் பேசவில்லை. என்னைக் கேட்டால், அகோஸ்டினி ஓட்டிய ரேஸ்களைவிட ஓட்டமாட்டேன் என்று சொன்ன அந்த ஒன்றுதான் பெரிய காரியம். 2018 முதல் மோட்டோஜிபியில் எல்லா வீரரும் ஏர்பேக் வைத்த உடைதான் போட வேண்டும். வளைவுகளுக்கு வெளியே விழுந்து உருள ஜல்லிப் பரப்பு இருக்கிறது. வண்டியோ 360 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுகிறது. இவ்வளவு வேகத்தில் விழுந்தும் பெரும்பாலும் எழுந்து நடக்கிறார்கள் என்றால், 1972-ல் மறுத்தவர்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

சரி, அப்படியானால் எதை வைத்துத்தான் ஒப்பிடுவது? எனக்கு இதற்கு வழி காட்டியது இயற்பியல் லேப். ஒரு சோதனையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதை மாற்றாமல் வைக்க வேண்டும் என்று சார் சொல்லுவார் இல்லையா? ஒரு வீரர் ஒரே வண்டியில் ஐந்து பட்டம் வாங்கினால், ஜெயித்தது ஆளா வண்டியா என்று பிரிக்க முடியாது. அதே ஆள் வண்டியை மாற்றிக்கொண்டு போய் ஜெயித்தால்? அதுதான் சோதனை!

இப்படிப் பெரிய வகுப்பில் இரண்டு வேறு கம்பெனி வண்டிகளில் பட்டம் வாங்கியவர்களை எண்ணினேன். 1949 முதல் 2025 வரை ஆறே பேர்: ஜெஃப் டியூக், அகோஸ்டினி, எடி லாசன், ரோஸி, கேசி ஸ்டோனர், மார்க்கேஸ். எங்கள் கடையின் மூன்று கட்சிக்காரர்களும் இதில் இருக்கிறார்கள் பாருங்கள்! மூன்று பேருக்கும் நல்ல கண்தான்.

அகோஸ்டினி 1974-ல் எம்வியை விட்டுவிட்டு யமஹாவுக்குப் போனார். அதுவரை அவர் ஓட்டியது ஃபோர் ஸ்ட்ரோக், யமஹா டூ ஸ்ட்ரோக். ஆர்எக்ஸ் 100 ஓட்டியவர்களைக் கேளுங்கள், அதன் சத்தமும் வேறு, இழுவையும் வேறு, பழக்கமே வேறு. அமெரிக்காவின் டேடோனா 200 ரேஸுக்கு முதல்முறையாகப் போய் ஜெயித்தார். 1975-ல் தன் பழைய எம்வியையே தோற்கடித்து 500 சிசி பட்டம் வாங்கினார். டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு அந்த வகுப்பில் கிடைத்த முதல் பட்டம் அது. வண்டியால்தான் ஜெயித்தார் என்று 1968-ஐ வைத்துப் பேசுகிறவர்களுக்கு 1975-ல் பதில் இருக்கிறது.

ரோஸியின் சோதனை இன்னும் சுத்தமானது. 2003-ல் ஹோண்டாவில் சாம்பியன். அந்த வருடம் யமஹா ஒரு ரேஸ்கூட ஜெயிக்கவில்லை. பெரிய வகுப்பில் யமஹாவுக்குக் கடைசியாகப் பட்டம் கிடைத்தது 1992-ல். அந்த யமஹாவுக்கு ரோஸி தானாகவே போனார். 2004 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் வெல்கமில் முதல் ரேஸ். ஹோண்டாவில் வந்த மேக்ஸ் பியாஜியோடு கடைசிவரை மல்லுக்கட்டி ஜெயித்தார். ஜெயித்த பிறகு டிராக் ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அதற்கு ஒரு முத்தம் கொடுத்தார். அப்பா இந்த இடத்தைச் சொல்லும்போது கையில் இருக்கும் வேலையை விட்டுவிடுவார். அந்த வருடப் பட்டமும் ரோஸிக்கே.

"தனியாவா போனாரு? ஹோண்டாவுல இருந்த மெக்கானிக் கூட்டத்தையே கூட்டிக்கிட்டுத்தானே போனாரு" என்பான் அண்ணன். உண்மைதான். தலைமை மெக்கானிக் ஜெரமி பர்ஜெஸும் கூடவே போனார். அப்பா அதற்கு, "மெக்கானிக் இல்லாம எவன்டா ஜெயிச்சான்?" என்பார். அவர் தொழில் அப்படி!

ஆனால் 2011, 2012 இரண்டு வருடம் ரோஸி டுகாட்டி ஓட்டினார். அதே பர்ஜெஸ், அதே ரோஸி. ஒரு ரேஸ்கூட ஜெயிக்கவில்லை. அதே டுகாட்டி கம்பெனி வண்டியில் ஸ்டோனர் 2007-ல் பட்டமே வாங்கியிருந்தார். இதைச் சொன்னால் அப்பா ஏதாவது நட்டைத் தேட ஆரம்பித்துவிடுவார். அதே மாதிரி கடையில் சொல்லவே கூடாத இன்னொரு வார்த்தை செபாங். 2015-ல் மலேசியாவின் செபாங்கில் ரோஸியும் மார்க்கேஸும் உரசி, மார்க்கேஸ் விழுந்தார். அதற்குத் தண்டனையாக ரோஸி கடைசி ரேஸை எல்லாருக்கும் பின்னாலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பட்டம் ஐந்து புள்ளியில் லொரென்சோவுக்குப் போய்விட்டது. யார் மேல் தப்பு என்று அப்பாவும் அண்ணனும் இன்றுவரை முடிக்கவில்லை. நானும் முடிக்கப் போவதில்லை. சோறு வேணுமே!

இது இடத்தை மாற்றிய சோதனை. காலத்தை மாற்றிய சோதனை ஒன்றும் இருக்கிறது. அகோஸ்டினி இப்போது இளைஞராக இருந்தால் எப்படி ஓட்டுவார் என்று எல்லாரும் சும்மா கற்பனை பண்ணுகிறோம். ஹெய்ல்வுட் அதைச் செய்தே காட்டினார். 1967-க்குப் பிறகு உலக சாம்பியன்ஷிப் பைக்கை விட்டுவிட்டுக் கார் ரேஸுக்குப் போனவர் அவர். 1973-ல் தென்னாப்பிரிக்காவில் எரிந்துகொண்டிருந்த காரிலிருந்து க்ளே ரெகாஸோனி என்ற வீரரை இழுத்துக் காப்பாற்றினார். அதற்காக இங்கிலாந்து அரசு ஜார்ஜ் மெடல் கொடுத்தது. 1974-ல் ஜெர்மனியில் கார் மோதி வலது காலில் பலத்த அடி, கார் ரேஸும் முடிந்தது. அப்புறம் 1978-ல், 38 வயதில், 11 வருடம் கழித்து, அந்தத் தீவுக்கே திரும்பி வந்தார். டுகாட்டி வண்டி. எதிரில் அப்போதும் விடாமல் ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஃபில் ரீட் ஹோண்டாவில். ஹெய்ல்வுட் ஜெயித்தார். 1979-ல் இன்னொரு முறை வந்து சுசுகி டூ ஸ்ட்ரோக்கில் பெரிய ரேஸையும் ஜெயித்தார்.

இவருடைய பட்டம் 9, ரேஸ் 76. பட்டியலில் நான் சொன்ன எல்லாருக்கும் கீழே. ஆனால் என் ஓட்டு இவருக்குத்தான். என்ன வண்டி கொடுத்தாலும், எந்தக் காலத்தில் கொண்டுபோய் விட்டாலும் ஓட்டுகிற ஆள். 1967-ல் நெதர்லாந்தின் ஆஸனில் 250, 350, 500 மூன்றையும் ஒரே நாளில் ஜெயித்தவர். எஸ்டி தாத்தா இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு, "மைக் எப்படிப் போனான்னு தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்திருந்தது. 1981-ல், இங்கிலாந்தில், பிள்ளைகளோடு சாப்பாடு வாங்கிவரக் காரில் போனபோது ரோட்டில் ஒரு லாரி குறுக்கே திரும்பியது. அவரும் மகளும் போய்விட்டார்கள்.

கடைசியாக அண்ணன் கட்சி. இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

மார்க்கேஸ் 2013-ல் முதல் வருடத்திலேயே மோட்டோஜிபி சாம்பியன், வயது 20. அதற்கு முன் அவ்வளவு சின்ன வயதில் யாரும் பெரிய வகுப்புப் பட்டம் வாங்கியதில்லை. 2014-ல் தொடர்ச்சியாக முதல் பத்து ரேஸும் அவருக்கே. 2019-க்குள் ஆறு பெரிய பட்டம். பிறகு 2020 ஜூலை 19, ஸ்பெயினின் ஹெரெஸ். விழுந்தார். வலது மேல்கை எலும்பு உடைந்தது.

அண்ணன் கை உடைந்த ஆறாவது வாரம் கடைக்கு வந்து எஞ்சினைத் தூக்கப் போனான். அம்மா கத்தினார். அதற்கு அவன், "மார்க்கேஸ் ஆபரேஷன் முடிஞ்சு நாலாவது நாளே பைக்ல ஏறினாரும்மா!" என்றான்.

ஏறினார், உண்மைதான். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன், சனிக்கிழமை டிராக்கில். ரேஸ் ஓட்ட முடியவில்லை, இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததை நான் நோட்டில் தேதி போட்டு எழுதி அவனிடம் கொடுத்தேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன். சில நாளில் வீட்டில் ஒரு ஜன்னலைத் திறக்கும்போது உள்ளே இருந்த பிளேட் சேதமானது. ஆகஸ்டில் இரண்டாவது ஆபரேஷன். எலும்பு கூடவில்லை, உள்ளே கிருமித் தொற்று வேறு. டிசம்பரில் மூன்றாவது ஆபரேஷன். அந்த வருடம் முழுக்கப் போனது. 2021-ல் திரும்பி வந்து ஜெர்மனியில் ஜெயித்தார், ஆனால் கை பழைய கையாக இல்லை. எலும்பு கொஞ்சம் திரும்பிய நிலையிலேயே கூடியிருந்தது. 2022-ல் அமெரிக்காவில் நான்காவது ஆபரேஷன், எலும்பை வெட்டித் திருப்பி வைத்தார்கள். நடுவில் விழுந்ததில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும் கண் கோளாறு இரண்டு முறை. 2023-ல் ஞாயிற்றுக்கிழமை ரேஸ் ஒன்றில்கூட வெற்றி இல்லை. அந்த நான்கு நாள் அவசரத்துக்கும் 2025-க்கும் நடுவில் இருப்பது ஐந்து வருடம்.

அண்ணன் படித்தான். "ஆனா கடைசியில ஜெயிச்சாருல்ல?" என்றான்.

ஜெயித்தார். அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். 11 வருடம் இருந்த ஹோண்டாவை, ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடம் இருக்கும்போதே விட்டார். 2024-ல் கிரெசினி என்ற சின்ன டீமில், முந்தைய வருடத்து டுகாட்டி மாடலை ஓட்டினார். அரகோனில் 1,043 நாளுக்குப் பிறகு ஒரு வெற்றி. 2025-ல் டுகாட்டியின் சொந்த டீம். 11 பெரிய ரேஸ் ஜெயித்து, ஐந்து ஊர் பாக்கி இருக்கும்போதே செப்டம்பரில் ஜப்பானில் பட்டம். இரண்டாமிடம் அவருடைய தம்பி அலெக்ஸ்! டுகாட்டிதான் நல்ல வண்டி, அதனால் ஜெயித்தார் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அதே டீமில் இருந்த பன்யாயா இரண்டு முறை மோட்டோஜிபி சாம்பியன். அவர் அந்த வருடம் ஜெயித்த பெரிய ரேஸ் இரண்டு. அப்பா மறுபடியும் நட்டைத் தேடப் போய்விட்டார்.

ஆஸ்திரேலியாவின் மிக் டூஹன் கதையையும் அண்ணனுக்குச் சொன்னேன். 1992-ல் ஆஸனில் விழுந்து வலது காலையே எடுக்க வேண்டும் என்ற நிலை. டாக்டர் கோஸ்டா என்பவர் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்து ரத்த ஓட்டம் கொடுத்துக் காப்பாற்றினார். அதே வருடம் கடைசி ரேஸ்களுக்கு அவசரமாகத் திரும்பியும் பட்டம் நான்கு புள்ளியில் போனது. பழையபடி கணுக்கால் மடங்காததால் பின் பிரேக்கைக் கட்டைவிரலால் பிடிக்கும்படி மாற்றிக்கொண்டார். 1994 முதல் 1998 வரை ஐந்து பட்டம். நடுவில் 1993 முழுக்கக் காலைத் தேற்றியபடியே ஓட்டிய வருடம். எல்லாரும் அந்த ஐந்தைத்தான் சொல்வார்கள். அண்ணனுக்கு நான் அந்த ஒரு 1993-ஐத்தான் சொன்னேன்.

அவனுக்கு ஒரு நாள் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்ட வேண்டும் என்று ஆசை. வீட்டில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அப்பாவுக்குத் தெரியப் போகிறது. (அண்ணா, மன்னிச்சிரு. இந்த இதழை ஆசிரியர் கூட்டத்தன்று பெற்றோரும் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்!) அதற்கு அந்தக் கை வேண்டும். இப்போது தினமும் சாயங்காலம் ரப்பர் பந்தை நூறு முறை அமுக்குகிறான். எண்ணுவது நான். எழுபதுக்கு மேல் முகம் சுளிக்கிறான். அடுத்த எக்ஸ்ரே மாதக் கடைசியில். அதுவரைக்கும் பெரிய ஸ்பானர் செட் என் அலமாரியில் இருக்கிறது, சாவி அம்மாவிடம்.